பான்ஜோவுக்குக் கொடுத்த சக்கரம்

மழையே... கொஞ்சம் பொறுத்து வந்திருக்கக் கூடாதா?

மன்னார்குடித் தெப்பக்குளக்கரையில் சைக்கிளை விரட்டிக்கொண்டு வந்த பஞ்சநாதன், குறுக்கே ஓடிய ஆட்டுக்காக ஹேண்டில்பாரை ஒடித்தான். ஆடு தப்பியது. சாக்கைப் போர்த்திக்கொண்டு எதிரே வந்த அம்சம் தப்பவில்லை. அவள் அணைத்திருந்த துணிமூட்டை கல்லில் விழுந்து 'டங்' என்றது.

"கண்ணை எங்க வச்சிக்கிட்டு ஓட்டுறீங்க?"

"ஆடுங்க... குறுக்க வந்துடுச்சு..."

"ஆடு மேல ஏத்த மனசு வரலை. என் மேல ஏத்தலாமாக்கும்?"

மழைத்துளி தொங்கிய இமைகளுக்குள் அந்தக் கண்கள் கொதித்தன. இவ்வளவு அழகான கோபத்தை அவன் பார்த்ததே இல்லை. திட்டு வாங்கிக்கொண்டே நின்றான், பாவி!

மூட்டையைப் பிரித்தாள். பான்ஜோ! வட்டமான தோல்முகம், நீண்ட கழுத்து, நாலு தந்தி. அதிராம்பட்டினத்து ஹலீமா அம்மாவின் மாமனார் பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. அங்கே வீட்டுவேலைக்குப் போன அம்சம் அதை வாசிக்கப் பழகியதும், அந்த அம்மா அவளுக்கே கொடுத்துவிட்டார். தோலை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகள் துருவேறிக் கிடந்தன. விழுந்த வேகத்தில் பல ஒடிந்து, தோல் தொளதொளத்துவிட்டது.

"மெட்ராஸ்ல கேட்டாக்கூட இந்தக் கொக்கி கிடைக்காதுங்க..." அவள் குரல் உடைந்தது. "ஞாயித்துக்கிழமை கூலி உயர்வு கேட்டுக் கூட்டம். பொம்பளைங்க பாட்டுக்கு நான்தான் வாசிக்கணும். இது இல்லேன்னா ரெக்கார்டு போட்டுக்குவாங்க. எங்களுக்கு மேடையே கிடையாது."

ஆட்சி மாறிவிட்டது. சுவரெல்லாம் புதுக் கொடி, புதுப் பேச்சு... அறுவடைக் கூலி மட்டும் பழைய மரக்காலிலேயே நின்றது. பெண்களுக்கு அதிலும் குறைவு. அதைத்தான் அவள் பாட்டாகக் கட்டியிருந்தாள்.

"கிடைக்காட்டி என்னங்க? நான் செஞ்சு தர்றேன். மீரா சாகிப் சைக்கிள் கடையிலதான் வேலை."

"சைக்கிள் கடையில... பான்ஜோவுக்கா?"

"ஒடைச்சவன்தானே செய்யணும்?"

சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்தாள். ஒடிந்த கொக்கி ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தாள்.

இரும்புக் கம்பியை வளைத்தான். முனையில் திருகு மரை சரியாக விழவில்லை. பித்தளைக் கம்பி இழுவை தாங்காமல் இளகியது. விடுவானா? சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியின் முனையில் மரை தயாராக இருக்கிறதே, இறுக்க நிப்பிள் என்ற குட்டித் திருகும் இருக்கிறதே என்று மண்டையில் உறைத்தது. மறுமுனையைக் கொக்கியாக வளைத்தான். கடைக்கு வந்த அம்சத்தின் முன் பெருமையாக மாட்டி இறுக்கினான். தோல் விறைக்க விறைக்கக் கொக்கிகள் மெல்ல நிமிர்ந்தன... ஒன்று பறந்து அவன் மூக்கிலேயே அடித்தது.

அம்சம் கைகொட்டிச் சிரித்தாள். மூக்கு போனாலும் பரவாயில்லை, இன்னொன்று பறக்காதா என்றிருந்தது அவனுக்கு.

"மூட்டை ஏத்துற சைக்கிள்ல தடிச்ச கம்பி இருக்குமே... அது தாங்கும்ல?" என்றாள்.

அவன் பதில் சொல்வதற்குள், அவளைத் தேடி வந்த அப்பா வீரையன் அவனை உற்றுப் பார்த்தார். "நீ இராஜாங்கம் மவன்தானே?"

இராஜாங்கம்... கூலி கேட்டவர்களை வயலில் இறங்காதே என்று விரட்டிய பண்ணையின் காரியக்காரர்!

"முன்னாடியே ஏன் சொல்லலை?" அம்சத்தின் சிரிப்பு காணாமல் போயிற்று.

"சொல்லியிருந்தா கொக்கி குடுத்திருப்பீங்களா?"

"எங்களை விரட்டின வீட்டு இரும்பு எனக்கு வேணாங்க."

பான்ஜோவை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வழியெல்லாம் கண் கரித்தது. அவன் அப்பா செய்ததற்கு அவன் என்ன செய்வான்...? ச்சே, எனக்கென்ன வந்தது!

ஞாயிற்றுக்கிழமை திடலில் கொடிகள் ஏறிவிட்டன. மேடைக்குப் பின்னால், ஊமையாகிப்போன பான்ஜோவோடு உட்கார்ந்திருந்தாள் அம்சம். சேறும் ஈரவேட்டியுமாக நடந்தே வந்து எதிரே நின்றான் பஞ்சநாதன்.

"சைக்கிள் எங்க?" அவளையறியாமல் கேட்டுவிட்டாள்.

"பின்சக்கரம் இதோ இருக்கு." கை நிறையத் தடித்த கொக்கிகள்! "பண்ணை மூட்டை ஏத்த அப்பா வாங்கிக் குடுத்த வண்டி. கம்பியெல்லாம் உருவிட்டேன். இனி மூட்டைக்கு வேற ஆள் பாத்துக்குங்கன்னு சொன்னேன். வாசப்படி ஏறாதேன்னுட்டாரு."

அவள் ஒரு கொக்கியை எடுத்து விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். அசையவில்லை.

"விரட்டின வீட்டு இரும்புதாங்க... ஆனா இது இனி அங்க திரும்பாது. நானும்தான்."

அவள் பான்ஜோவை நடுவில் வைத்தாள். ஒரு பக்கமே இறுக்கினால் தோல் கிழிந்துவிடும். கோணிய சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதுபோல, அவன் இங்கே ஒரு திருகு, அவள் நேரெதிரே ஒரு திருகு... தலைகள் குனிந்தன, மூச்சு மோதியது. சுண்டிப் பார்த்தாள். கணீரென்றது! ஒரு கொக்கிகூட நிமிரவில்லை.

"எதுக்குங்க இவ்வளவும்?"

"உங்களைப் புடிச்சிருக்குங்க. அன்னிக்கு மழையில திட்டினீங்களே... அப்பவே."

மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனவள் திரும்பினாள்.

"இது தளர்ந்தா மறுபடி இறுக்கணும்ல?"

"ஆமாங்க. அடிக்கடி..."

"அப்ப எதிர்ப்பக்கம் திருக எனக்கு ஆள் வேணும். ஆயுசுக்கும்." கண்கள் நிறைந்து வழிந்தன. "எனக்கும் உங்களைத்தான் புடிச்சிருக்கு... போய் முன்னால உக்காருங்க, நான் பாத்துக்கிட்டே வாசிக்கணும்."

பான்ஜோ முழங்கியது. பெண்கள் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். எங்கே உட்காருவதென்று தெரியாமல் திடலின் ஓரத்தில் தயங்கி நின்றான் பஞ்சநாதன். வீரையன் திரும்பிப் பார்த்தார். மேடையில் முழங்கும் பான்ஜோவையும், சேறு படிந்த அவன் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தான் உட்கார்ந்திருந்த சாக்கில் நகர்ந்து இடம் விட்டார்.

"நிக்கிறியே தம்பி... வா, உக்காரு."