படலுக்கு அடியில் தள்ளிய தட்டு

நாய் தின்ற தட்டு அப்படி இருக்காது. அம்சத்தின் மனசில் முதலில் பட்டது அதுதான். முந்தின நாள் பொழுது சாய்ந்ததும், சாப்பிடப் பிடிக்காமல் பாதிச் சோற்றோடு படலுக்கு அடியில் வெளியே தள்ளிவிட்ட அலுமினியத் தட்டு, காலையில் வாய்க்கால் மண் போட்டுத் தேய்த்து, அலசி, கூரைத் தண்ணீர் சொட்டாத இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தாள். சேற்று வாடையும், அதற்கடியில் கோரை அழுகின வாடையும் அடித்தன.

அந்தத் தட்டைத் தொட ஊரில் ஒருத்தருக்கும் உத்தரவு கிடையாது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். கழுத்துக் கட்டியை அறுத்தெடுத்த பிறகும் அதன் வேர் எலும்புக்குப் போய்விட்டது என்று, ஈயக் குடுவைக்குள்ளிருந்து தண்ணீர் மாதிரி ஒரு மருந்தைக் குழல் போட்டு உறிஞ்சச் சொன்னார்கள். நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் உள்ளே போய்க் கதிர் வீசுமாம். கட்டியின் மிச்சம் எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப்போய்க் கொல்லுமாம்.

"ஒங்க எச்சி, வேர்வை எல்லாத்துலயும் அது வரும்மா" என்று ஊருக்குக் கிளம்புகிற அன்று நர்சம்மா சொன்னாள். "ஒங்களுக்கு அது மருந்து. பச்சப்புள்ளைக்குள்ள போச்சுன்னா நேரா தொண்டையில போய் உக்காந்துக்கும். கொஞ்ச நாளைக்குத் தனியா இருங்க. தட்டுல மிச்சம் வெச்சுப் புள்ளைக்குக் குடுத்துடாதீங்க. நீங்களே வெஷம் வெச்ச மாதிரி ஆயிடும். புரியுதா?"

புரியாமல் என்ன! நீடாமங்கலத்தில் ரயிலை விட்டிறங்கி வீடு வந்ததும், ஐந்து வயசு ராஜாத்தி "அம்மா" என்று கையை விரித்துக்கொண்டு ஓடிவர, "வராத! கிட்ட வராத!" என்று கத்தி, கீழே கிடந்த கல்லை எடுத்து ஓங்கினவள் அவள். பெற்ற பிள்ளையைக் கல்லெடுத்து விரட்டுகிற கொடுமை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. ராஜாத்தி அழவில்லை, அத்தைக்காரி ராமாயியின் காலைக் கட்டிக்கொண்டு முறைத்துப் பார்த்தது. அதுதான் அம்சத்தை அறுத்தது.

தனியாக இருக்க அவளுக்குக் கிடைத்தது சங்கக் கொட்டகை. கூலிப் போராட்டம் கொதித்த காலத்தில் அல்லும் பகலும் கூட்டம் நடந்த இடம். இப்போது மனைப்பட்டா வந்தாயிற்று, கூலிச் சட்டம் வந்தாயிற்று, கூட்டத்துக்கு ஆளைத்தான் காணோம். உள்ளே சாயம்போன கொடிகளும், போன தேர்தலுக்குச் சூரியன் வரைந்த தட்டியும், காய்ந்த பசை வாளியும் கிடந்தன. அம்சத்தின் புருஷன் இராஜாங்கம் இரண்டு பேரைக் கேட்டு அதை ஒழித்து வாங்கி, வாசலுக்குக் கீற்றுப் படல் பின்னிக் கட்டி, "உள்ளாற கயித்தப் போட்டுக் கட்டிக்க புள்ள. ராஜாத்தி தெரியாம நொழைஞ்சிடப் போவுது" என்றான். ராமாயி தினம் சோற்றைக் கொண்டுவந்து கொடிக்கம்பத்தடியில் வைத்துவிட்டு, "அண்ணி, சோறு!" என்று குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

அன்றைக்கும் அம்சம் பாதிச் சோற்றை வெளியே தள்ளினாள். தள்ளிவிட்டுப் படுக்கவில்லை. படலுக்கு இந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழை கீற்றின் மேல் ஒரே இரைச்சலாகப் பெய்து ஓய்ந்து, தவளைகள் வரப்புக்கு வரப்பு கூப்பிட்டுக்கொள்ள, வாய்க்கால் நிறைந்து போகிற தண்ணீர் எங்கேயோ கரையைக் கரைத்துப் பொத்தென்று மண் விழ, அந்தச் சத்தங்களுக்கெல்லாம் நடுவில், சேற்றில் கால் பதித்து எடுக்கிற சின்னச் சத்தம் ஒன்று, நடந்தும் நின்றும், கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்தது.

வாசலில் நின்றது.

தட்டு லேசாக இழுபட்டது. பிறகு வாய். பசித்த குழந்தையின் வாய், அவசர அவசரமாக. மழை விட்டு வெகுநேரம் ஆகியும் படலுக்கு வெளியே ஒரே இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து இல்லை. அவ்வளவு உயரம் இல்லை. இடுப்புயரம். அதற்கும் கொஞ்சம் மேலே.

காத்தாயி உயரம்.

நான்கு வருஷம் ஆயிற்று. அதுவும் இதே மாதிரி ஐப்பசிதான், குறுவை அறுப்பு. கூலியில் அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டார்கள் என்று பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார். தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ராஜாத்தி அப்போது கைக்குழந்தை, முலைப்பால் இருந்தது. மூத்தவள் காத்தாயிக்கு எட்டு வயசு. அதற்கு என்ன இருந்தது? "அம்மா, பசிக்குதும்மா" என்றது. "படு கண்ணு, விடியட்டும், அம்மா தரேன்" என்றாள் அம்சம். என்னத்தைத் தருவாள்? பிள்ளைக்கும் அது தெரிந்திருக்கும். விடிகிறதுக்குள் எழுந்து, அறுத்த வயலில் உதிர்ந்த கதிர் பொறுக்கப் போய்விட்டது. பண்ணை ஆட்கள் கம்போடு விரட்டினார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. மதகடியில் கோரைக்குள் சிக்கிக் கிடந்தவளைத் தூக்கினபோது பாவாடை மடியில் ஒரு கைப்பிடிக் கதிர் இருந்தது. தவறி விழுந்ததாக எழுதிக்கொண்டு போலீஸ் போய்விட்டது. அந்தப் பிள்ளை வெறும் வயிற்றோடு போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து ஒரு கவளம்கூட அம்சத்துக்குச் சுகமாக இறங்கியதில்லை.

"காத்தாயியா?" என்று கேட்டாள். கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

வாய் மெல்லுவது நின்றது.

"ம்" என்றது வெளியே.

அம்சம் முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரமோ. வெளியே அலசுகிற சத்தம் கேட்டது. தட்டைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. சேற்றுக்கால் சத்தம் வாய்க்கால் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

பயந்தது அந்த ஒரு தடவைதான் என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு தடவையும் பயந்தாள். ஆனாலும் பயத்தையும் மீறி ஏக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. யோசித்துப் பார்த்தாள். எந்தப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்றார்கள்? உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு. செத்த பிள்ளையை எந்தக் கதிர் என்ன செய்துவிடும்? படையல் போடுகிறவர்கள் எச்சில் படாமல் போடுவார்கள், வாஸ்தவம்தான். உயிரோடு இருந்தபோதே காத்தாயிக்குத் தனித்தட்டில் போட்டால் பிடிக்காதே! அம்மா சாப்பிட்ட தட்டில், அம்மா பிசைந்த மிச்சம்தான் வேண்டும் அதற்கு. "ஒனக்குத் தராம யாருக்குத் தரப்போறேன் என் தங்கமே" என்று முணுமுணுத்துக்கொண்டே, தான் நாலு வாய் தின்றுவிட்டு முக்கால் தட்டை ஒதுக்க ஆரம்பித்தாள் அந்தப் பாவி. உப்பு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்த்தாள். கெளுத்தி மீனை வாயில் போட்டு முள்ளை உருவிவிட்டுச் சதையை மட்டும் சோற்றின் நடுவில் புதைத்தாள். கருவாடு கடினமாக இருந்தால் மென்று பிசைந்து வைத்தாள்.

ஒருநாள் தட்டைத் தள்ளும்போது விரல்கள் பட்டன. சின்ன விரல்கள். சில்லென்று, நெடுநேரம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போன தோலோடு. அம்சம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கயிற்றை அவிழ்த்துப் படலைத் திறந்து பார்க்கவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. திறந்தால் அங்கே ஒன்றும் இருக்காதோ என்ற பயத்தில் திறக்கவே இல்லை.

மழை கொஞ்சம் வெறித்த ஒரு மத்தியானம், ராமாயி சோற்றை வைத்துவிட்டுப் போகாமல் கொடிக்கம்பத்தடியிலேயே நின்றாள்.

"அண்ணி, இந்த ராஜாத்தி சரியாவே சாப்புட மாட்டேங்குது. கேட்டா வயிறு நெறைஞ்சிருக்குங்குது. கண்ட எடத்துல திங்குதோ என்னமோ, காலெல்லாம் வாய்க்கா சேறு. நான் நடவு நட்டுட்டு வந்து கட்டையைச் சாச்சா எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

அம்சம் படலின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"கூட்டிட்டு வா அத."

"எதுக்கு அண்ணி?"

"கூட்டிட்டு வாடின்னா!"

ராஜாத்தி வந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அம்சம் கொட்டகை வாசலில் நின்றபடி, குரலை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்துக் கேட்டாள்.

"கண்ணு, பொழுதுபோனப்புறம் நீ இங்க வந்தியா?"

"நானா வரல. அக்கா கூட்டிட்டு வந்துச்சு."

"எந்த அக்கா?"

"நம்ம அக்காதான்." இது தெரியாதா உனக்கு என்கிற மாதிரி பார்த்தது. "கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரும். நீ தள்ளுனா அக்காதான் தட்ட வாங்கும். அதுக்குத் திங்க முடியாதாம்மா. வாயத் தொறந்தா தண்ணியா வருதாம். நீ தின்னு பாப்பா, நான் பாத்துக்கிட்டு இருக்கேன், பசியோட படுக்கக் கூடாதுன்னு சொல்லும். அள்ளி அள்ளிக் குடுக்கும்."

ராமாயி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்சம் நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். ராஜாத்தி பயந்து "அம்மா" என்று ஓரடி எடுத்து வைத்தது. பிறகு கல் ஞாபகம் வந்து நின்றுவிட்டது.

மறுநாளே பட்டணத்துக்கு ரயில் ஏறினார்கள். இராஜாங்கம் பிள்ளையோடு ஒரு பெட்டியில். அம்சம் வேறு பெட்டியில்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று. இருட்டாக்கின ஓர் அறையில் ராஜாத்தியைப் பலகையில் படுக்கவைத்தார். மேலே ஒரு மெஷின், கனத்த இரும்புத் தலையோடு, பிள்ளைக்குக் குறுக்கே இப்படியும் அப்படியும் வரிவரியாகப் போய்வந்தது. பக்கத்தில் ஒரு ஊசி வெள்ளைக் காகிதத்தில் டக் டக்கென்று புள்ளி குத்தியது. மருந்து இருக்கிற இடத்தில் புள்ளிகள் நெருங்கும், இல்லாத இடம் வெள்ளையாகவே கிடக்கும் என்றார்.

கழுத்துக்கு வந்ததும் ஊசி வெறி பிடித்த மாதிரி குத்தியது.

"ரொம்ப ஏறியிருக்கு" என்றார் டாக்டர். "தொண்டையில இருக்கற இந்தச் சுரப்பி இனிமே வேலை செய்யறது சந்தேகந்தான். காலம் பூரா மாத்திரை போடணும். நாளைக்குக் கட்டி கிட்டி வராம... பாத்துக்கிட்டே இருக்கணும் அம்மா." இராஜாங்கம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினான்.

மெஷினின் தலை கீழே இறங்கியது. வயிற்றில் கொஞ்சம் புள்ளிகள் விழுந்தன. இன்னும் இறங்கியது. இடது மணிக்கட்டில் ஊசி மறுபடியும் குத்த ஆரம்பித்தது. நான்கு கோடுகள் ஒரு பக்கம். குட்டையாக ஒன்று மறுபக்கம்.

"எச்சில் பட்டிருக்கும்" என்றார். சோப்புப் போட்டு அந்தக் கையைத் தேய்த்துக் கழுவினார். மெஷினை அகலமாக ஓடவிட்டு மறுபடி அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்.

ஐந்து விரல்கள். போகவில்லை. முன்னைவிட இறுக்கமாக இருந்தன.

இரும்புத் தலை ராஜாத்தியின் கையைத் தாண்டியது. வெறும் பலகை. ஊசி நிற்கவில்லை. விரல்களுக்குப் பின்னால் ஒரு உள்ளங்கை விழுந்தது. சின்ன உள்ளங்கை. ராஜாத்தி அசையாமல், இடது கையை மட்டும் லேசாக மடக்கி, பக்கத்தில் பார்த்துக்கொண்டு கிடந்தது.

டாக்டரின் கை சுவிட்சுக்குப் போயிற்று.

"நிறுத்தாதீங்க சாமி" என்றாள் அம்சம் கதவருகிலிருந்து. "அந்தப் பக்கம் மேலேருந்து ஒருவாட்டி பாருங்க. ஒரே ஒருவாட்டி."

"அங்க ஒண்ணும் இல்லயேம்மா..."

"பாருங்க சாமி. தொண்டையில ஏதாச்சும் எறங்கியிருக்கான்னு. வயித்துல ஒரு வாயாவது இருக்கான்னு."

அவள் சொன்னதை ஏன் கேட்டார் என்று டாக்டருக்கே தெரியாது. இரும்புத் தலையை மேலே தள்ளி, வெறும் பலகையின் மேல் ஓடவிட்டார். இப்படியும் அப்படியும். வரிவரியாக. ஊசி சத்தமே போடவில்லை. கழுத்து இருக்கவேண்டிய இடம் வெள்ளையாகப் போயிற்று. மார்பு வெள்ளை. அம்சம் எட்டி எட்டிப் பார்த்தாள். வயிறு வரவேண்டிய இடத்துக்குத் தலை வந்தது, போயிற்று, திரும்பி வந்தது. ஒரு பருக்கை அளவுக்குக்கூடப் புள்ளி விழவில்லை. கீழே, தங்கச்சி கையைப் பிடித்திருந்த அந்த உள்ளங்கை மட்டும், அள்ளி அள்ளிக் கொடுத்த உள்ளங்கை, கறுகறுவென்று விழுந்துகொண்டே இருந்தது.