கையை எடுத்துட்டுப் பேசு

"ஏம்மா, போற எடத்துலயாவது கொஞ்சம் தள்ளி நின்னு பேசு... பாவம், ஆபரேஷன் ஆன பொண்ணு!"

காலையிலேயே நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். பெட்டியை மூடிக்கொண்டிருந்தவள், வழக்கம்போல இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சரி அண்ணி" என்றாள். தம்பி மனைவியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. போய்த்தான் ஆக வேண்டும்.

கட்டிலுக்கு அடியிலிருந்து கடுகு எட்டிப் பார்த்தது. அதை விட்டுப் போகத்தான் அவளுக்கு மனசு வரவில்லை.

கடுகு, கைப்பைக்குள் அடங்கிவிடும், பொம்மை மாதிரியான குட்டி ஜாதி நாய். ஆசைப்பட்டு வாங்கிய மகள், கல்யாணமாகிப் போனபோது விட்டுவிட்டுப் போனாள்.

சில மாதங்களாகப் படுக்கையறையில் ஒரு நாற்றம். கணவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் அக்காவிடம் சொன்னார். "அவ வாய் தாங்கலக்கா..." அன்றே தலையணையோடு ஹாலுக்குப் போய்விட்டார். மறுநாள் குளியலறையில் வாய் கொப்பளிக்கும் மருந்து ஒன்று, யாரும் எதுவும் சொல்லாமலே வந்து உட்கார்ந்திருந்தது. அவளும் ஈறில் ரத்தம் வரத் தேய்த்துப் பார்த்தாள். நாற்றம் போகவில்லை. பிறகு ஒருநாள் மடியில் கிடந்த கடுகு கொட்டாவி விட்டது. அப்போதுதான் விஷயம் புரிந்தது.

"இந்தச் சின்ன ஜாதிக்கு வாய் இத்தனூண்டும்மா. பல்லெல்லாம் நெருக்கியடிச்சு நிக்கும்" என்றார் கால்நடை மருத்துவர். "காரை படிஞ்சு ஈறு அழுகியிருக்கு. மயக்க மருந்து குடுத்துச் சுத்தம் பண்ணி, ஆடுற பல்லைப் பிடுங்கணும்."

அவர் சொன்ன தொகையைக் கேட்டு, நாயை முந்தானையில் சுற்றிக்கொண்டு திரும்பிவிட்டாள். அதற்கு முன் நாய்க்குக் கால்முட்டி நழுவி வைத்தியம் பார்த்தபோதே கணவர் குதித்திருந்தார். "இன்னொரு பில்லு வரட்டும், யார்கிட்டயாவது தூக்கிக் குடுத்துடறேன்!" சொன்னால் செய்கிற மனிதர்.

நாற்றம் தன்னுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தாள். அந்த வீட்டில் அவளை நெருங்கி வருகிற ஒரே உயிர் அது! சோற்றைக் குழைத்து ஊட்டினாள். விரலில் துணி சுற்றி ஈறைத் துடைத்துவிட்டாள். வாயைப் பொத்திப் பேசப் பழகினாள். கொஞ்ச நாளில் பேசுவதே நின்றுபோயிற்று. அதை அந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

"அறையிலேயே இருக்கட்டும்... வெளிய விடாதீங்க" என்று வாசலில் நின்று சொன்னாள். பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல் கணவர், "ம்" என்றார்.

தம்பி வீட்டில் அந்தப் பெண் அவள் தோளில் சாய்ந்தே தூங்கினாள். விழித்ததும், "ஏன் அண்ணி, எப்பப் பார்த்தாலும் வாயைப் பொத்திக்கிறீங்க?" என்று கேட்டாள். பல்வலி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். பக்கத்தில் ஒரு மனுஷி சாய்ந்து எத்தனை காலமாயிற்று!

ஒரு வாரம் கழித்து வீடு திரும்பினாள். கதவைத் திறந்ததும் காலைச் சுற்ற வேண்டிய கடுகைக் காணோம். கட்டிலுக்கு அடியில் இல்லை. அதன் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"அண்ணி... குடுத்துட்டாரா? ஐயோ, யார்கிட்ட குடுத்தாரு?"

நாத்தனார் எழுந்து வந்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "நீ போன பிறகும் நாத்தம் போகலம்மா... ஜன்னலெல்லாம் தொறந்து வெச்சோம். என் தம்பி உன் தலையணைய மோந்து பார்த்தான். ஒண்ணுமில்ல. பக்கத்துல கடுகு படுத்திருந்துச்சு, நாத்தம் அது வாயிலதான்... என்னை மன்னிச்சுடும்மா!"

வாசலில் செருப்புச் சத்தம். கணவர் வந்தார். சட்டைக்குள்ளிருந்து கடுகின் தலை நீட்டிக்கொண்டிருந்தது. மயக்கம் முழுதாகத் தெளியாத கண்கள். பல் போன இடத்தில் நாக்கு ஓரமாகத் தொங்கியது. அவளைக் கண்டதும் வாலை ஆட்டியது.

"பத்துப் பல்லு எடுத்துட்டாங்க. இனிமே வலி இருக்காதாம்" என்றார். "நீ முன்னாடியே தூக்கிட்டுப் போனியாமே, டாக்டர் சொன்னாரு. ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் நாயை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கை தானாக வாய்க்குப் போயிற்று. விரல்களுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நாயோட நாத்தம்னு தெரிஞ்சதும் டாக்டர்கிட்ட ஓடினீங்க... என் நாத்தம்னு நெனச்சப்ப ஹாலுக்குப் போனீங்க!"

அவர் அப்படியே நின்றார். கண் கலங்கிவிட்டது. மெல்ல அருகில் வந்து, அவள் வாயைப் பொத்தியிருந்த கையைப் பிடித்து இறக்கினார்.

"கையை எடுத்துட்டுப் பேசு. திட்டணுமா, திட்டு. எல்லாத்தையும் சொல்லு..."

அவள் அவர் முகத்துக்கு நேரே நெருங்கி நின்று, அழுதுகொண்டே, இத்தனை மாதமும் பேசாததையெல்லாம் பேசத் தொடங்கினாள். அவர் முகத்தைத் திருப்பவில்லை.