ரத்தத்தில் தங்கியது

ஆராய்ச்சிக்கூடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றபோது, ஆராய்ச்சியாளரான அவள் கையில் ஒரு குளிர்பெட்டி இருந்தது. கூரைப் பலகையைத் தள்ளிக்கொண்டு, டார்ச்சோடு லிஃப்ட் மெக்கானிக்கின் முகம் எட்டிப் பார்த்தது.

"உள்ள ஆள் இருக்கறது தெரியாம நிறுத்திட்டேன் மேடம். கொஞ்சம் பொறுங்க."

"அதுக்குள்ள ஐஸ் கரைஞ்சா எல்லாம் பாழ்."

"ஐஸ்கிரீமுக்கா இவ்வளவு கோபம்?"

"ஐஸ்கிரீம் இல்ல. மலம்."

டார்ச் ஒருகணம் ஆடியது. பிறகு சிரித்தான். கண்கள் முதலில் சிரித்தன... உதடுகள் பின்னால் வந்து சேர்ந்தன. அவளால் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை.

பழைய லிஃப்ட் அது. மழைக்காலம் முழுக்க அவன் வந்துபோனான். தேநீர் வேளையில் இருவரும் ஜன்னலோரம் நின்று, கண்ணாடியில் வழியும் மழையைப் பார்ப்பதாகப் பாவனை செய்தார்கள்...

"அந்தப் பெட்டியில அப்படி என்னதான் தேடறீங்க?"

"நாம சாப்பிடறதைக் குடல்ல இருக்கற நுண்ணுயிர்கள் உடைக்கும்போது சில பொருள் உண்டாகும். கிட்னி நல்லா இருந்தா வெளிய தள்ளிடும். இல்லைன்னா ரத்தத்துலயே தங்கிடும்."

"தங்கினா?"

எல்லோரிடமும் சொல்வதுபோலவே சொன்னாள். "அது அதிகமா இருக்கறவங்க சீக்கிரம் செத்துப்போறாங்களானு பாக்கறோம்."

அவன் கோப்பையை மெல்லக் கீழே வைத்தான். "அப்ப நான் உங்களுக்கு வேண்டப்பட்டவன்தான். என் கிட்னி பாதிதான் வேலை செய்யுது."

மறுநாள் வேறொரு மெக்கானிக் வந்தார். அதற்கடுத்த நாளும் அவர்தான். அவள் கூப்பிட்டபோதெல்லாம் அவனுடைய ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. என் நாக்கில் சனியா... ஏன் அப்படிப் பட்டென்று சொன்னேன்... கணினித் திரையில் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நோயாளி. இத்தனை காலம் கண் கலங்காமல் எண்ணியவளுக்கு, இன்று ஒவ்வொரு புள்ளிக்காகவும் யாரோ ஜன்னலோரம் காத்திருப்பதாகத் தோன்றியது.

புது மெக்கானிக்கிடம் முகவரி கேட்டுக்கொண்டு கிளம்பினாள். கதவைத் திறந்த அவன் அக்கா ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஐஸ்பெட்டி மேடம் நீங்கதானா? வாங்க. கல்யாணம்னு வாயெடுத்தாலே கிட்னியைக் காட்டி என் வாயை அடைச்சிடுவான். உங்களைப் பத்தின பேச்சு மட்டும் ஓயாது. இப்ப அதையும் காணோம்."

உள்ளே உட்கார்ந்திருந்த அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பரிதாபப்பட்டு வந்தீங்களா?"

"பரிதாபப்பட்டிருந்தா பழம் வாங்கிட்டு வந்திருப்பேன். சண்டை போட வெறுங்கையே போதும்னு வந்தேன்."

"உங்க கணக்குப்படி நான்..."

"என் கணக்கு ஒரு கூட்டத்தைப் பத்தினது. அதுல உங்களுக்கு எவ்வளவு நாள்னு எனக்குத் தெரியாது. ஆபத்தே இல்லைன்னு பொய்யும் சொல்லமாட்டேன்." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "உங்களைப் பாக்காம என்னால இருக்க முடியல. அது மட்டும் நிச்சயமாத் தெரியும்."

சமையலறையில் அக்கா வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டினாள்.

"நாளைக்கே நான் படுத்துட்டா?"

"கூட இருப்பேன்."

"நீங்க கஷ்டப்படறதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

"இத்தனை நாள் நான் சுகமாவா இருந்தேன்?"

அவன் நிமிர்ந்தான். கண்கள் நிறைந்திருந்தன...

"டாக்டர் கிட்னி பாதின்னு சொன்ன அன்னிக்குக்கூட நான் பயப்படல. உங்களைப் பிடிச்சுப்போன பிறகுதான்... சாகப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயமா இருக்கு," என்றபடி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.