கழற்றிய கண்

அப்துல் ஹமீட் அடையாள அட்டைப் படத்தை மேசையில் போட்டார்.

"என்ன வின்சன்ட், நான் நேராத்தானே பாத்தனான்? இதில ஆரைப் பாக்கிறன்?"

படத்தில் அவருடைய கண்கள் கமராவுக்குப் பக்கத்தில் யாரையோ பார்த்தன. வின்சன்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கிழமையாக இதே கரைச்சல்தான். மன்னார் ஸ்டூடியோவில் அவன் முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் நேராகத்தான் பார்த்தார்கள்; பிலிமைக் கழுவினால் எல்லார் கண்ணும் அதே மூலைக்கு ஓடியிருந்தது.

அவனுடைய கமராவுக்கு இரண்டு கண்கள், இரண்டு லென்ஸ்கள். மேல்கண் பார்க்கும், கீழ்க்கண் படம் எடுக்கும். பட்டனை அழுத்தும்போதுகூட மேலே உள்ள கண்ணாடியில் ஆள் மறைவதில்லை. பிறகு எப்படிப் பிழை வரும்? கமராவை விற்ற கொழும்புக்காரர் அதன் பூர்வீகத்தையும் சொல்லியிருந்தார். ஜெர்மன்காரர் முதலில் செய்தது மூன்று கண் பெட்டி. நடுக்கண் பார்க்க, இரு பக்கத்துக் கண்களும் எடுக்க. பிறகு ஒன்றைக் கழற்றிவிட்டு, மிஞ்சிய இரண்டையும் மேலும் கீழுமாக நிறுத்திவிட்டார்கள். அந்தக் கழற்றிய கண்ணின் இடத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்களோ என்று நினைத்தவன், தன்மேலேயே எரிந்து விழுந்தான். விசர் நினைப்பு!

பின்னேரம் மகள் பெற்றிசியாவை, கோயிலில் புதுநன்மை வாங்கத் தைத்த வெள்ளை உடுப்பும் முக்காடுமாகக் கதிரையில் இருத்தினான். தெருவில் கழுதைகள் கத்தி ஓய்ந்திருந்தன, காற்றில் கருவாட்டு வாடையும் பிலிம் கழுவும் மருந்துத் தண்ணீரின் புளிப்பும் கலந்திருந்தன, திரைச்சீலை ஆடவேயில்லை, ஆனால் அவனுடைய இடது காதோரம் மட்டும் யாரோ மூச்சு விடுவதுபோல் ஈரச்சூடு பட்டுப் பட்டு விலகியது.

"அப்பா, உங்களுக்குப் பக்கத்தில நிக்கிறவர் தன்னைப் பாக்கச் சொல்லுறார்."

"ஒருத்தரும் இல்லை! நீயும் கரைச்சல் தராத. இஞ்ச பார்!"

கண்ணாடியில் அவள் நேராகப் பார்த்துச் சிரித்தாள். அழுத்தினான். பிலிமைச் சுற்றினான். மறுபடி அழுத்தினான். சுருள் முடிந்தது.

"கழுவிப் பாத்திட்டு வாறன். உடுப்பைக் கழட்டாத. அசையாம இரு."

தெருக்கதவுக்கு உள்ளே கொண்டி போட்டு, சுருளோடு இருட்டறைக்குப் போனான். கழுவி முடித்து, ஈரப் பிலிமை விளக்கில் பிடித்தான்.

முதல் படத்தில் அவள் கண்கள் அதே மூலையில். அடுத்ததில் கை நீட்டியிருந்தாள். அடுத்ததில் எழும்பிவிட்டாள். கடைசியில் கதிரை மட்டும்.

ஓடினான். கதிரை வெறுமை. நிலத்தில் வெள்ளை முக்காடு. கதவில் போட்ட கொண்டி போட்டபடி.

"பெற்றிசியா!"

கமரா மட்டும் கதிரைக்கு நேரே நின்றது. கமராவுக்குள் குனிந்தான்.

மேல் கண்ணாடியில் அவள் இருந்தாள். கதிரையில். நேராக அவனையே பார்த்துச் சிரித்தபடி. அவன் சொல்லிவிட்டுப் போனதுபோலவே, அசையாமல்.