யானை மிதிக்காத வயல்

கனகலிங்கம் செத்துக் கிடந்தான்!

தொண்ணூற்றெட்டு, தை மாதம். ஒட்டுசுட்டான் காட்டுக்குள் ஆட்லறிப் பீரங்கிக்கான செல் குண்டுகள் பதுக்கி வைத்த கிடங்கு. அதன் காவலாளிதான் அவன். பின்மண்டையில் கோடாலி வெட்டு...

உள்ளே செல்கள் அப்படியே இருந்தன. அவற்றைத் தூக்கி எறிகிற வெடிமருந்துப் பைகளைத்தான் காணோம். இரண்டு கிழமையாகக் கொஞ்சம் கொஞ்சமாக உருவியிருக்கிறார்கள். மருந்தில்லாத செல் வெறும் இரும்புக் கட்டி!

சுகிர்தனின் இடுப்பில் வோக்கி அலறியது.

"மருந்து எங்கை? ஆமி வந்துகொண்டிருக்கிறான்... ஆட்லறி சும்மா நிக்குது!"

சுகிர்தன் இயக்கத்தின் விசாரணைப் பொறுப்பாளன். பொறுமைக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம்.

"கள்ளனைப் பிடிச்சாச்சு தம்பி!" என்று ஓடி வந்தார் வீரகத்தி. குளத்துக்குக் கீழே வயல் செய்கிற பெரிய கமக்காரர். "ராசுதான்! விடியக்காலமை இதாலை ஓடினவன், என்ரை கண்ணாலை கண்டனான். அவன்ரை வரம்பிலை வெறும் மருந்துப் பையும் கிடக்கு. தோட்டக்காட்டானை இஞ்சை குடியிருத்தினதுதான் பிழை!"

மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய ராசுவின் கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டன.

"பொழுதுபடச் சந்தியிலை வச்சுச் சுடுங்கோ!" என்றான் சுகிர்தன்.

"ஐயா!"

ராசுவின் மனைவி சுப்பம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"விலத்து!"

"மாட்டேன்! என் புருஷனைச் சுடுறதுக்கு முன்னாடி எங்க வயலை வந்து பாருங்க. அப்புறம் என்னையும் சேத்துச் சுடுங்க!"

வயலா அது? பால் பிடித்த நெல் சேற்றோடு சேறாகக் கிடந்தது. குழி குழியாக யானைக் காலடிகள்...

"அரசாங்கத் தடையால கடையில யானை விரட்டுற வெடி இல்ல. ராத்திரியெல்லாம் தகரம் தட்டுறோம், அதுங்க சட்டை பண்ணல. மருந்து திருடினவன் ஒரு வெடியாவது கட்டிப் போட்டிருக்க மாட்டானா? இப்படி வயித்துல அடிச்சுக்கிட்டு நிப்பானா?"

சுகிர்தன் குனிந்து குழிகளைப் பார்த்தான். காலடிகளின் பின்னாலேயே நடந்தான்.

எல்லா வயலையும் துவைத்த யானைகள் ஒரு வரம்பில் நின்றிருந்தன. திரும்பியிருந்தன! அப்பால் நெல் ஒரு கதிர்கூடச் சாயாமல் நின்றது. வரம்பு நெடுக வெடி வெடித்துக் கருகிய வட்டங்கள்...

"இது ஆரின்ரை வயல்?"

"என்ரைதான் தம்பி..." கூடவே வந்த வீரகத்தி ஓரடி பின்வாங்கினார். "பிள்ளையார் காப்பாத்தினவர்."

"பிள்ளையாருக்கு ஆர் மருந்து குடுத்தது ஐயா?"

வீரகத்தி ஓடினார்!

வரம்பு தடக்கி, தன் வயலுக்குள்ளேயே குப்புற விழுந்தார். அவருடைய காவல் பரணில் ஓலைக்கு அடியில் மருந்துப் பைகள். பக்கத்தில் கோடாலி... அலகில் ரத்தம் காய்ந்திருந்தது.

"கனகலிங்கம் கையும் களவுமாப் பிடிச்சிட்டான் தம்பி... வேறை வழி தெரியேல்லை..."

"அதுக்குப் பழியை என் புருஷன் தலையில போட்டியாக்கும்!" சுப்பம்மா அவர் முகத்துக்கு நேரே காறித் துப்பினாள்.

ராசுவின் கட்டை அவிழ்த்து வீரகத்தியைக் கட்டினார்கள். சுகிர்தன் ராசுவிடம் மன்னிப்புக் கேட்டானா? மூச்!

"அண்ணை, சாட்சிக்கு ஆரைக் கூப்பிடுறது?" என்றான் கூட வந்த வினோதன்.

"யானையை."

"யானையை எப்பிடி அண்ணை கூப்பிடுறது?"

"ஏன் கூப்பிடோணும்? இண்டைக்கு இவரின்ரை வயல்லை வெடி இல்லையெல்லோ... அதுவாவே வரும்!"