மெய்முத்திரை

கதவை உடைத்து உள்ளே போனபோது ஒரு குரல் பேசிக்கொண்டிருந்தது.

“ஜமால் மைதீன், கேமராவை விட்டு விலகாதீர்கள். நீங்கள் நடுவண் மோசடித் தடுப்பு முகமையின் காவலில் இருக்கிறீர்கள். ஒத்துழைப்புக்கு நன்றி.”

ஜமால் மைதீன் விலகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருந்தார். எதிரே ஒரு ஸ்டூல். அதன்மேல் காலித் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து, சார்ஜரில் போட்டு வைத்த அலைபேசி. அதன் திரையில் நீல வட்டம் ஒன்று அமைதியாகச் சுழன்றுகொண்டிருந்தது. தாம்பரத்துச் சித்திரை மாத வெயில் மூடிய ஜன்னல்களுக்குள் வேலையைச் செய்து முடித்திருந்தது. கூட வந்த இரண்டு காவலர்களும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

அதே முகமையின் துணைக் கண்காணிப்பாளர் ஹெப்சிபா புடவைத் தலைப்பால் மூக்கை இறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். நாற்றத்தைத் தாங்கிவிடலாம். அந்தக் குரலைத்தான் தாங்க முடியவில்லை. இவ்வளவு மரியாதையாக ஒரு பிணத்திடம் பேச எப்படி முடிகிறது?

இடுப்பிலிருந்த முத்திரைமானியை எடுத்து அலைபேசியின்மீது வைத்தாள். போலி என்றால் சிவப்பு எரியும். எரியவில்லை. மானியும் நீலமாகவே ஒளிர்ந்தது. தட்டிப் பார்த்தாள், அணைத்து மறுபடி வைத்தாள். நீலம்தான்.

அவள் வேலையில் சேர்ந்த காலத்தில் போலீஸ் என்று சொல்லி மிரட்டிப் பறிக்கும் கும்பல்கள் ஊரைத் தின்றுகொண்டிருந்தன. யார் குரலையும் யார் முகத்தையும் நொடியில் நகலெடுக்கும் யந்திரங்கள் சந்தைக்கு வந்துவிட்ட பிறகு, அழைப்பவர் அசலா போலியா என்று கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போனது. அதற்கு மருந்தாக வந்ததுதான் மெய்முத்திரை. முகமையின் அதிகாரி தன் உள்ளங்கையை ஒரு தட்டில் பதிக்க வேண்டும். அவருடைய ரத்த ஓட்டத்தின் துடிப்பிலிருந்து அந்தக் கணத்திலேயே ஒரு குறி உண்டாகும். கேட்பவரின் அலைபேசியில் அது நீல வட்டமாகச் சுழலும். வேறு எவராலும், எந்த யந்திரத்தாலும் அதைச் செய்ய முடியாது. உலகம் முழுவதும் முயன்று பார்த்துத் தோற்றார்கள். நீல வட்டம் இல்லையென்றால் அழைப்பைத் துண்டியுங்கள், இருந்தால் கீழ்ப்படியுங்கள் என்று சட்டமே வந்தது. ஓராண்டுக்குள் கும்பல்கள் கடையைச் சாத்திக்கொண்டு போயின.

மாடிப்படியில் எதிர்வீட்டுச் சாரங்கபாணி நின்றிருந்தார். நாற்றம் தாங்காமல் புகார் கொடுத்தவர் அவர்தான்.

“உள்ள ஆள் இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?” என்று ஹெப்சிபா கேட்டாள்.

“தெரியும் மேடம். ஜன்னல் வழியா நீல வட்டம் தெரிஞ்சுது. சரி, ஏதோ தப்பு பண்ணி மாட்டிக்கிட்டான்னு நெனச்சோம். கண்ணாடிக் கடை வெச்சிருக்கற ஆளு, பாக்க சாதுவாத்தான் இருப்பாரு. யாருக்குத் தெரியும்?”

“உதவி கேட்டாரா?”

“கேட்டாரு. ஃப்ரிட்ஜுல இன்சுலின் இருக்கு, சமையல்கட்டுக்குப் போக விடமாட்டேங்கறாங்க, யாராவது வந்து எடுத்துக் குடுங்கன்னு கத்தினாரு. காவல்ல இருக்கறவங்க கிட்ட போகக்கூடாதுன்னு சட்டம் இருக்கே மேடம். என் பொண்டாட்டி போறேன்னா. நான்தான் விடல.” பிறகு பெருமையா பயமா என்று பிரித்தறிய முடியாத குரலில் சொன்னார்: “குடியிருப்போர் குரூப்புல அன்னிக்கே போட்டோ போட்டுட்டேன். எல்லாரும் ஜாக்கிரதையா இருக்கட்டும்னு.”

பிணத்துக்கு எதிரே நின்றபோது வராத வாந்தி ஹெப்சிபாவுக்கு அந்த மாடிப்படியில் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். சாரங்கபாணி தன் செருப்பை மட்டும் கவனமாக விலக்கிக்கொண்டார்.

முகமையின் கோப்புகளில் ஜமால் மைதீன் என்ற பெயரில் ஒரு வழக்கும் இல்லை, ஒரு புகாரும் இல்லை. ஆனால் முத்திரை அசல். அப்படியானால் அது முகமையில் இருக்கும் யாரோ ஒருவருடைய கை. யாருடைய கை என்று அவளால் பார்க்க முடியாது. அதிகாரிகளைக் கொன்றுவிடுவதாகக் கும்பல்கள் மிரட்டிய நாட்களில், முத்திரைக்குப் பின்னால் இருக்கும் பெயரை மறைத்துவிட்டார்கள். அதைத் திறக்கும் உரிமை இயக்குநருக்கு மட்டும்தான்.

இயக்குநர் தயாபரன் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். எதிர்ப்பே சொல்லாமல் தன் தட்டில் கை வைத்துப் பெயரைத் திறந்தார். திரையை அவள் பக்கம் திருப்பினார்.

இளவழகன். அவளுடைய பிரிவின் ஆய்வாளர். தினமும் அவளோடு ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவன். அவள் மகளின் பிறந்தநாளுக்குப் பெரிய பொம்மையோடு வந்து நின்றவன்.

அவள் போனபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய். எதிரே உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவன் மறுக்கவில்லை. அதுதான் அவளை அதிரவைத்தது.

“மேடம், நான் யாரையும் மிரட்டவே இல்ல,” என்றான். “சத்தியமா. போன் போட்டு பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன், அவ்வளவுதான். நீல வட்டத்தைப் பார்த்ததும் அவங்களே, சார் என்ன குடுக்கணும், யார் பேருக்கு எழுதணும்னு கேக்கறாங்க. தப்பு பண்ணாதவன் எதுக்கு மேடம் கேக்கணும்?”

“ஜமால் மைதீன் என்ன தப்பு பண்ணினாரு?”

“அது தெரியல. கடைய மாத்தி எழுதித் தரேன்னாரு. அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசிடக்கூடாதில்ல? அதான் உக்கார வெச்சேன். எந்நேரமும் நானே பேச முடியுமா? காலைல கை வெச்சு முத்திரைய ஆரம்பிச்சு விட்டா, மிச்சத்தைக் காவல்குரல் யந்திரம் பாத்துக்கும்.”

“இன்சுலின் வேணும்னு கெஞ்சியிருக்காரு.”

“என்கிட்ட கேட்டிருந்தா விட்டிருப்பேன் மேடம். யந்திரத்துக்கிட்ட கேட்டிருக்காரு. விலகாதேன்னு சொல்லத்தான் அதுக்குத் தெரியும். மருந்துன்னா என்னன்னு அதுக்கு எப்படித் தெரியும்?” உள்ளங்கையில் வழிந்த தயிரை மணிக்கட்டிலிருந்து விரல்வரை ஒரே இழுப்பாக நக்கினான். “வருத்தமாத்தான் இருக்கு. மனுஷன் பாவம்.”

முத்திரை பிறக்கும் கை அது. ஹெப்சிபா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி தன் வாழ்நாளில் யாரோடும் கைகுலுக்க முடியாது என்று தோன்றியது.

“இன்னும் எத்தனை பேரை உக்கார வெச்சிருக்கே?”

அவன் டிபன் பாக்ஸை மூடினான். “டைரக்டர் சார்கிட்ட பேசிக்குங்க மேடம். என்கிட்டயே ஏன் கேக்கறீங்க? நான் ஒருத்தன்தானா?”

அவள் திரும்பிப் போய்ச் சொன்னதும், தயாபரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அவனை வடக்கே மாத்திடறேன். இறந்தவர் பேர்ல ஒரு வழக்குப் பதிவு பண்ணிடலாம்.”

“எதுக்கு சார்?”

“முத்திரை அசல். அசல் முத்திரை குற்றவாளியைத்தானே காவல்ல வைக்கும்? அப்போ அவர் குற்றவாளியாத்தான் இருந்தாகணும்.”

“சார், அவர் ஒண்ணும் பண்ணல.”

“எனக்கும் தெரியும்மா.” அவர் குரலில் சலிப்புதான் இருந்தது, கோபம் இல்லை. “இத வெளிய சொன்னா முத்திரை செத்துடும். முத்திரை செத்தா பழைய கும்பலெல்லாம் மறுநாளே வந்து நிக்கும். அந்தக் காலத்துல பணத்தைப் பறிகுடுத்துட்டு எத்தனை பேர் தூக்குல தொங்கினாங்கன்னு உனக்கே தெரியும். ஒரு கண்ணாடிக் கடைக்காரருக்காக அத்தனை பேரையும் பலி குடுக்கணுமா?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. உண்மையை எடுத்து அழுக்குத் துடைக்கும் துணியாக்கிக் கையில் கொடுக்கிறார்.

“இப்போ அறைக்குள்ள உக்காந்திருக்கறவங்களையாவது விட்டுடுங்க.”

“எல்லாரையும் ஒரே நேரத்துல விட்டா ஏன்னு கேப்பாங்க. மெதுவா, ஒவ்வொருத்தரா.”

மெதுவாக. ஜமால் மைதீனின் உதடுகள் காய்ந்து பிளந்து கிடந்தது அவளுக்கு நினைவு வந்தது.

தன் அறைக்குப் போனாள். துணைக் கண்காணிப்பாளர் பதவியிலிருந்து மேலே உள்ளவர்களுக்கு ‘ஊரறிவிப்பு’ என்றொரு உரிமை உண்டு. குண்டு மிரட்டல், ஆயுதத்தோடு அலையும் கொலைகாரன் போன்ற ஆபத்துகளின்போது மாநிலத்தின் எல்லா அலைபேசிகளிலும் ஒரே நேரத்தில் பேசலாம். அவள் அதுவரை அதைத் தொட்டதில்லை. தட்டில் கையை வைத்தாள். உள்ளங்கை வியர்த்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

பேருந்துகளில், பள்ளிகளில், கல்யாண மண்டபங்களில், மார்க்கெட்டில் எல்லாக் கைகளிலும் நீல வட்டம் சுழன்றது.

“என் பெயர் ஹெப்சிபா. நடுவண் மோசடித் தடுப்பு முகமையின் துணைக் கண்காணிப்பாளர். எங்கள் அதிகாரிகளே முத்திரையை வைத்து மக்களைக் கொள்ளையடிக்கிறார்கள். ஒருவர் செத்துவிட்டார். அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. முத்திரை இருக்கிறது என்பதற்காக யாரையும் நம்பாதீர்கள். அறைகளில் அடைபட்டிருக்கிறவர்கள் எழுந்து வெளியே வாருங்கள். உங்களைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.”

அதற்குமேல் பேச விடவில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

பலர் வெளியே வந்தார்கள். சேலத்தில் ஒரு பல் மருத்துவர் தாடியும் அழுக்குமாகத் தெருவில் வந்து நின்று அழுதார். கரூரில் ஒரு வீட்டிலிருந்து கணவனும் மனைவியும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். ஆனால் திருச்சியில் கணக்கு ஆசிரியை ஒருத்தி, அறிவிப்பு முழுவதையும் கேட்டுவிட்டு, எதிரே இருந்த காவல்குரலிடம் பணிவாகக் கேட்டிருக்கிறாள்: “சார், இப்ப நான் போகலாமா?” விலகாதீர்கள் என்றது குரல். உட்கார்ந்துவிட்டாள். உள்ளூர்ப் போலீஸ் வந்து தூக்கியபோது கதறினாளாம்: “என்னை சோதிக்கிறீங்க, எனக்குத் தெரியும். நான் சொன்னபடி கேக்கறேன், என்னை விட்டுடுங்க!”

அன்று மாலையே பணிநீக்க உத்தரவு வந்தது. ஹெப்சிபாவின் பெயரும் இளவழகனின் பெயரும் ஒரே வரியில், ஓர் ‘உம்’ போட்டுச் சேர்க்கப்பட்டிருந்தன. தன் பெயரை அந்தப் பெயரோடு ஒட்டிப் பார்த்தபோது, தெரியாமல் எச்சிலை மிதித்துவிட்டது போலிருந்தது அவளுக்கு.

ஜமால் மைதீன்மீது பதிவு செய்த வழக்கை முகமை திரும்பப் பெறவில்லை. அவருக்கு இருந்த ஒரே நெருங்கிய உறவு பல்லாவரத்தில் இருந்த தங்கை சுலைகா. குற்றவாளியின் தங்கை என்று சொந்தக்காரர்கள் அடக்கத்துக்குக்கூடச் சரியாக வரவில்லை என்று கேள்விப்பட்டாள் ஹெப்சிபா. அறிவிப்பில் சொன்னதை நேரில் ஒரு முறையாவது அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும், வழக்கை உடைக்க நீதிமன்றத்தில் தானே சாட்சி சொல்வதாகச் சொல்ல வேண்டும் என்று அந்த வாரக் கடைசியில் பல்லாவரத்துக்குப் போனாள்.

முற்பகல் வெயில். குறுகிய சந்து. கம்பிக்கதவுக்குப் பின்னால், தலையில் முக்காடிட்ட ஐம்பது வயதுப் பெண் வந்து நின்றாள். அழுது வீங்கிய முகம்.

“சுலைகாம்மாவா? நான் ஹெப்சிபா. போன்ல பேசினேனே. உங்க அண்ணன் எந்தத் தப்பும் பண்ணலம்மா. அதை நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

சுலைகாவின் கண்கள் நிரம்பின. “நீங்கதானா? அல்லா உங்கள நல்லா வெக்கணும்மா. ஊரே எங்களத் திருட்டுக் குடும்பம்னு சொன்னப்ப, நீங்க ஒருத்தர்தான்...” பூட்டில் சாவியைப் போட்டாள்.

அப்போது அவள் இடுப்பிலிருந்த அலைபேசி ஒலித்தது. எடுத்தாள். திரையில் நீல வட்டம் இல்லை. பழக்கதோஷத்தில் துண்டிக்கப் போனவள், கேட்ட முதல் சொல்லில் நின்றுவிட்டாள்.

“என் பெயர் ஹெப்சிபா,” என்றது அலைபேசி. அதே குரல். ‘ர்’ரில் லேசாக அழுத்தும் ஹெப்சிபாவின் சொந்த ஊரான நாசரேத்துப் பேச்சுகூட அப்படியே இருந்தது. “முத்திரையை நம்பாதீர்கள் என்று சொன்னேன் அல்லவா? அதனால்தான் முத்திரை இல்லாமல் அழைக்கிறேன். உங்கள் அண்ணனைக் கொன்றவர்கள் உங்களையும் தேடுகிறார்கள். நான் சொல்லும்வரை அறையைவிட்டு வெளியே வராதீர்கள். வாசலுக்கு யார் வந்தாலும், அதிகாரி என்று சொன்னாலும், கதவைத் திறக்காதீர்கள்.”

“அது நான் இல்லம்மா!” ஹெப்சிபா கம்பியைப் பிடித்தாள். “என் குரலை நகலெடுத்திருக்காங்க. பழைய கும்பல். கட் பண்ணுங்க. என்னைப் பாருங்க, நான் இங்கதான நிக்கறேன்!”

சுலைகா அவளைப் பார்த்தாள். பிறகு அலைபேசியைப் பார்த்தாள். மறுபடி அவள் முகத்தை. இதற்குமுன் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. குரலைத்தான் தெரியும்.

“நீங்க யாரு?” என்று மெல்லக் கேட்டாள்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சாவியை உருவிக்கொண்டு, மரக்கதவைச் சாத்தி உள்ளே தாழ்போட்டாள். கதவுக்குப் பின்னால் அவள் குரல் பயபக்தியோடு கேட்டது: “பூட்டிட்டேன் மேடம். நான் எங்க உக்காரணும்?”