பதினொன்றாம் செயலியின் வாக்குமூலம்

காலை எட்டு மணிக்கு ஜெபக்கனி வழக்கம்போல் கர்னலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினாள். தூத்துக்குடிக்குத் தெற்கே கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலையைப் பதினாறு கணினிச் செயலிகள் சேர்ந்து ஓட்டின. அவற்றுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது கர்னல் எனப்படும் மைய நிரல். மூன்று நாளாக அது நடுநடுவே உறைந்துபோய்க்கொண்டிருந்தது. ஊர்க் குழாய்களில் காற்றுதான் வந்தது.

எல்லாச் செயலிகளையும் நிறுத்தி, ஒன்றை மட்டும் வைத்துக் கர்னலை எழுப்பினாள். ஓடியது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். பத்து வரை பிசகில்லை. பதினொன்று சேர்ந்ததும் திரை அப்படியே நின்றது.

"ஆளு சிக்கிட்டாரு அண்ணாச்சி!"

"சாப்பிட்டாச்சும்மா," என்றார் மேற்பார்வையாளர் தவசிமுத்து.

கழற்றி மாற்றினால் கால்மணி நேர வேலை. ஆனால் செயலிகளுக்குப் பணிப்பாதுகாப்புச் சட்டம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தன் குறையைத் தானே ஒப்புக்கொள்ளாத செயலியின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது.

பதினொன்றைத் தனியாக எழுப்பிக் கேட்டாள்.

"எனக்கு ஒரு கோளாறும் இல்லை. மத்தவங்கதான் அவசரப்படுறாங்க," என்றது ஒலிபெருக்கி.

இரண்டு மணி நேரம் கெஞ்சிப் பார்த்தாள். தவசிமுத்து பொறுமையிழந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏய், எனக்கு வலது காது ரெண்டு வருசமா கேக்காது, இடதும் மந்தம். சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு மறைச்சு வச்சிருக்கேன். அபாய மணி அடிச்சா இந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துதான் ஓடுதேன். நீ என்னத்த மறைக்க?"

ஜெபக்கனி திகைத்துப்போனாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத அந்த மனிதரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று எத்தனை முறை திட்டியிருப்பாள்!

ஒலிபெருக்கி கரகரத்தது. "சூடேறினா என் கடிகாரம் பின்தங்குது. மத்தவங்க எனக்காகக் காத்துக் காத்தே நின்னுடுறாங்க. சொன்னா உருக்கிடுவீங்க."

மூடியைத் திறந்தாள். அதன் விசிறியில் உப்பு பாறையாகப் படிந்திருந்தது. சுரண்டி எடுத்ததும் விசிறி சுழன்றது. பதினாறும் சேர்ந்து ஓடின. பம்புகள் உறுமின.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செயலியின் வாக்குமூல ஒலிப்பதிவு முழுவதும் தலைமையகத்துக்குப் போயாக வேண்டும். தவசிமுத்து பேசியதும் அதற்குள் இருக்கிறது. மனிதர்களுக்கோ பணிப்பாதுகாப்புச் சட்டம் கிடையாது.

"அனுப்பவா?" என்றது பதினொன்று, அவருடைய வலப்பக்கத்து ஒலிபெருக்கியிலிருந்து. "ஆனா அண்ணாச்சி பேசின முதல் நிமிஷம் பதிவாகலை. என் கடிகாரம் பின்தங்கிடுச்சு."

தவசிமுத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஜெபக்கனி அவருடைய இடப்பக்கம் போய்க் குனிந்து, அதை இன்னொரு முறை சொன்னாள்.